தனிக்கறிக் கணக்கு

போன மாதம் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு பழைய செய்தியை அனுப்பியிருந்தான். 2014ஆம் ஆண்டுக் கணக்குப்படி மாட்டிறைச்சி ஏற்றுமதியில் உலகிலேயே இந்தியாதான் முதலிடம் என்ற செய்தி. கூடவே குரல் பதிவில் ஒரு கேள்வி. "மாமா, நீங்க கறி கண்டெய்னர் இறக்குற வேலைதானே பாத்தீங்க? ஒரு எடத்துல இருபது லட்சம் டன்னுக்கு மேலன்னு போட்டிருக்கான். இன்னொரு எடத்துல பதினாலே முக்கால் லட்சம்னு இருக்கு. ரெண்டுல எது பொய்?"

இரண்டுமே உண்மை. ஆனால் அதை ஒரு வரியில் எழுதி அனுப்பினால் அவனுக்குப் புரியாது என்று தோன்றியது. அவனுக்குச் சொல்ல நினைத்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது.

நான் 2003இல் துபாய் போனேன். எங்கள் இராமநாதபுரம் பக்கத்தில் அது பெரிய விஷயமில்லை, தெருவுக்கு நாலு பேர் அங்கே இருப்பார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு குளிர்கிடங்கில் சரக்குச் சரிபார்க்கும் வேலை. வெளியே நாற்பத்தைந்து டிகிரி வெயில், உள்ளே மைனஸ் பதினெட்டு. ரீஃபர் கண்டெய்னர், அதாவது குளிரூட்டிய சரக்குப் பெட்டகத்தின் கதவைத் திறந்ததும் முகத்தில் புகை மாதிரி குளிர் அடிக்கும். உள்ளே அடுக்கடுக்காக அட்டைப்பெட்டிகள். பிரேசில் கோழி, இந்திய எருமைக்கறி, ஆஸ்திரேலிய ஆடு, நியூசிலாந்து ஆட்டுக்குட்டி. எந்த நாட்டுப் பெட்டி, எத்தனை, என்ன எடை என்று எழுதுவதுதான் என் வேலை. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் கீழக்கரைக்காரர், எல்லோருக்கும் அவர் காக்கா, அவர்கள் பேச்சில் அண்ணன் என்று பொருள். முதல் வாரமே அவர் சொன்ன ஒன்று இன்றுவரை மறக்கவில்லை. "தம்பி, எடைன்னு எவன் சொன்னாலும் உடனே எழுதிடாதே. எந்த எடைன்னு கேளு. பெட்டியோடயா, பெட்டி இல்லாமயா, எலும்போடயா, எலும்பு இல்லாமயா? கேட்டுட்டு எழுது."

அக்கா மகனின் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

நம்மூர்க் கறிக்கடையில் போய் நின்றால் கேட்பார்களே, எலும்போடவா, தனிக்கறியா என்று. தனிக்கறி என்றால் விலை கூட. ஒரு கிலோ தனிக்கறி எடுக்க வேண்டுமானால் ஒரு கிலோவுக்கு மேலேயே எலும்போடு இருக்கும் இறைச்சியை வெட்டியாக வேண்டும் என்பது கடைக்காரருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். உலக வர்த்தகத்திலும் இதே கணக்குத்தான். ஏற்றுமதி செய்பவர்கள் கப்பலில் ஏறிய எடையைச் சொல்வார்கள். அதைச் சரக்கு எடை என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க வேளாண் துறை போன்றவர்கள் ஒவ்வொரு நாட்டின் சரக்கையும் எலும்போடு இருந்திருந்தால் எவ்வளவு இருக்கும் என்று மாற்றிக் கணக்குப் போடுவார்கள். அது உரித்த முழு உடல் எடை. தனிக்கறி ஒரு கிலோ என்றால் அதை ஏறக்குறைய 1.4 ஆல் பெருக்குவார்கள்.

இந்தியாவின் அபேடா, அதாவது வேளாண் பொருள் ஏற்றுமதியைப் பார்த்துக்கொள்ளும் ஆணையம், 2014-15க்குச் சொன்ன எருமை இறைச்சி அளவு சுமார் 14.75 லட்சம் டன். அமெரிக்க வேளாண் துறை 2014க்குச் சொன்னது சுமார் 20.8 லட்சம் டன். முதலாவதை 1.4 ஆல் பெருக்கிப் பாருங்கள், இரண்டாவதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒன்று ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான கணக்கு, மற்றது ஜனவரி முதல் டிசம்பர் வரை. அந்தச் சின்ன வித்தியாசமும் இதில் உண்டு.

சரி, முதலிடம் என்பது? அமெரிக்கக் கணக்கில் அந்த ஆண்டு பிரேசிலுக்குச் சுமார் 19 லட்சம் டன், அதனால் இந்தியா முந்திவிட்டது. ஆனால் பிரேசில் ஏற்றுமதியாளர் சங்கமான அபியெக் அதே ஆண்டுக்குச் சொன்ன சரக்கு எடை 15.6 லட்சம் டன். நம்முடைய 14.75 அதைவிடக் குறைவு. அவர்கள் கணக்கில் ஈரல், குடல், டப்பாவில் அடைத்த கறி எல்லாம் சேர்ந்திருக்கும், அதனால் இதுவும் சரிக்குச் சரியான ஒப்பீடு இல்லை. பணத்தைப் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிது. பிரேசிலுக்கு சுமார் 720 கோடி டாலர், இந்தியாவுக்கு சுமார் 478 கோடி. எந்த எடையை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து முதலிடம் கைமாறுகிறது. அந்தத் தலைப்பை வைத்துக்கொண்டு எத்தனை பேர் எத்தனை சண்டை போட்டார்கள்! அது எருமைக்கறி, பசு இறைச்சி ஏற்றுமதிக்கு இந்தியாவில் அனுமதி கிடையாது என்பதைக்கூட அந்தச் சண்டைகளில் பாதிப் பேர் கவனிக்கவில்லை. உலகச் சுங்கப் பட்டியலில் மாடும் எருமையும் ஒரே தலைப்பின் கீழ் வருவதால் வந்த குழப்பம் அது. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒரு சொல்லைச் சரியாகப் படிக்காததால் மனிதர்களுக்குள் வெறுப்பு வளர்வதைப் பார்க்கிறபோது எனக்கு நிஜமாகவே மனம் வலிக்கிறது.

இந்தியா ஏன் தனிக்கறியாகவே அனுப்புகிறது என்று காக்காவிடம் ஒரு நாள் கேட்டேன். கோமாரி என்று ஒரே சொல்லில் சொன்னார். மாடு வளர்த்தவர்களுக்கு அந்த நோய் தெரியும். வாயிலும் குளம்பிலும் புண் வந்து மாடு தீனி எடுக்காமல் நிற்கும். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு நாட்டில் கோமாரி இருக்கிறது என்றால் அது இல்லாத நாடுகள் அங்கிருந்து கறி வாங்கப் பயப்படும். நோய்க்கிருமி எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர்க் கணுக்களிலும் தங்கிவிடும். சதையில் தங்காது, அதுவும் ஒரு நிபந்தனையோடு. மாட்டை அறுத்தபின் உடலை 2 டிகிரிக்கு மேலான குளிரில் குறைந்தது 24 மணி நேரம் தொங்கவிட வேண்டும். அந்த நேரத்தில் சதையில் இயல்பாகவே அமிலம் ஊறும். முதுகுச் சதையில் கருவியைச் செருகிப் பார்த்தால் pH எண் 6க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். அமிலம் கூடக் கூட அந்த எண் குறையும். இறங்கியிருந்தால் கிருமி செத்துவிட்டது என்று பொருள். அப்புறம் எலும்பையும் கணுக்களையும் நீக்கிவிட்டுப் பெட்டியில் போடலாம். ஆக, அட்டவணையில் இந்தியாவின் எண் சின்னதாகவும் பெரிதாகவும் இரண்டு விதமாகத் தெரிவதற்குப் பின்னால் ஒரு மாட்டு நோய் இருக்கிறது.

காக்கா இதைச் சொன்ன பிறகுதான் எனக்கு இந்த எண்களின் மேல் பிடிப்பு வந்தது. ஒரு நோட்டுப் போட்டேன். எந்த நாட்டுப் பெட்டி எப்போது குறைகிறது, எப்போது கூடுகிறது என்று குறித்து வைப்பேன். ஏன் என்று செய்தித்தாளில் தேடுவேன். காரணம் மேய்ச்சலிலோ மழையிலோ இருக்கும் என்று எதிர்பார்த்தேன். சில சமயம் இருக்கும். பெரும்பாலும் எங்கோ ஒரு கதவை யாரோ மூடியிருப்பார்கள்.

நான் போய்ச் சேர்ந்த ஆண்டின் டிசம்பரிலேயே அப்படி ஒன்று நடந்தது. 2003 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரே ஒரு பசுவுக்குப் பைத்திய மாட்டு நோய் இருப்பதாக அறிவித்தார்கள். அதுவும் கனடாவிலிருந்து வந்த பசு. ஜப்பானும் தென் கொரியாவும் உடனே கதவை மூடின. 2003இல் சுமார் 11.4 லட்சம் டன் ஏற்றுமதி செய்த நாடு அடுத்த ஆண்டு சுமார் 2.1 லட்சம் டன்னுக்கு இறங்கியது. அமெரிக்காவில் மாடு குறைந்துவிட்டதா? இல்லை. அறுப்பது நின்றதா? அதுவும் இல்லை, அவர்களே தின்றார்கள். ஜப்பானில் காலியான இடத்தில் ஆஸ்திரேலியா போய் உட்கார்ந்தது. பழைய அளவைத் திரும்ப எட்ட அமெரிக்காவுக்கு 2011 வரை ஆயிற்று. 2000 முதல் 2010 வரை வரைபடம் போட்டு அமெரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் ஒப்பிட்டு, இவர்கள் திறமைசாலிகள் அவர்கள் சோம்பேறிகள் என்று ஒருவர் எழுதினால், அவருக்கு அந்த ஒரு பசுவின் கதை தெரியாது என்று அர்த்தம்.

அதற்கு அடுத்த மாதமே தாய்லாந்தில் பறவைக் காய்ச்சல். அதுவரை உறைந்த பச்சைக் கோழியைப் பெருமளவில் அனுப்பிக்கொண்டிருந்த நாடு. ஜப்பானும் ஐரோப்பாவும் பச்சைக் கோழியை நிறுத்திவிட்டன. தாய்லாந்துக்காரர்கள் செய்ததை நான் இன்றும் வியந்து பார்க்கிறேன். வேகவைத்தால் கிருமி சாகும் என்பதால் சமைத்த கோழிக்கு மாறினார்கள். வறுத்தது, சுட்டது, குச்சியில் கோத்தது என்று தொழிற்சாலைகளைத் திருப்பிவிட்டார்கள். ஐரோப்பா பச்சைக் கோழிக்குக் கதவைத் திறக்க 2012 ஜூலை ஆனது. இன்று அவர்கள் ஏற்றுமதி 10 லட்சம் டன்னைத் தாண்டி நிற்கிறது. ஆனால் 2003இன் ஒரு டன்னும் 2010இன் ஒரு டன்னும் வேறு வேறு. வெந்த கோழியில் தண்ணீர் வற்றியிருக்கும், மாவும் மசாலாவும் ஏறியிருக்கும், விலையும் கூடியிருக்கும். அதே சமயத்தில், 2004 வாக்கில், பிரேசில் அமெரிக்காவைத் தாண்டிக் கோழி ஏற்றுமதியில் முதலிடத்துக்கு வந்தது. எங்கள் கிடங்கில் அடுக்கடுக்காக நின்றதும் அந்தப் பெட்டிகள்தான். 2024இல் பிரேசில் அனுப்பியது சுமார் 53 லட்சம் டன். அவர்கள் வணிகப் பண்ணைகளுக்குள் அத்தனை ஆண்டுகளாகப் பறவைக் காய்ச்சல் நுழையவில்லை என்பது முக்கியமான காரணம். கடைசியில் 2025 மே மாதம் ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தின் மொண்டெநேக்ரோவில் நுழைந்துவிட்டது. சீனாவும் ஐரோப்பிய ஒன்றியமும் முழு நாட்டுக்குமே கதவை அடைத்தன. வேறு சில நாடுகள் அந்த மாநிலத்தையோ அந்த ஊரையோ மட்டும் தள்ளிவைத்தன.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது நாமக்கல்காரர்களுக்குத் தெரியும். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் பறவைக் காய்ச்சல் வந்தது. அங்கிருந்து நாமக்கல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் வளைகுடா நாடுகள் இந்தியக் கோழி, முட்டை எல்லாவற்றையும் நிறுத்தின. நாமக்கல் முட்டை தேங்கியது. பண்ணைக்காரர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை, வரைபடத்தில் ஒரே நாடாக இருந்ததுதான்.

பழைய கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தக் கதவு விஷயம் நேற்று வந்ததில்லை.

1882 பிப்ரவரி 15. நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்திலிருந்து டனிடின் என்ற பாய்மரக் கப்பல் லண்டனுக்குக் கிளம்பியது. உள்ளே நிலக்கரியில் ஓடும் குளிரூட்டி, ஏறக்குறைய 5,000 உரித்த ஆடுகள், ஆட்டுக்குட்டிகள். புகைபோக்கியிலிருந்து பறந்த தீப்பொறி பாய்களில் பற்றியது. வெப்ப மண்டலத்தில் காற்று அசையாமல் கப்பல் தவித்தபோது சரக்கறையில் குளிர் ஒழுங்காகப் பரவவில்லை. கேப்டன் விட்சன் காற்றுக் குழாய்க்குள் தானே ஊர்ந்து போய்ச் சரிசெய்ய, உள்ளேயே விறைத்துப்போக இருந்தவரை இழுத்து வெளியே போட்டார்கள். 98 நாள் பயணம். லண்டனில் இறக்கியபோது கெட்டுப்போனது என்று ஒதுக்கியது ஒரே ஒரு ஆட்டைத்தான். மைனஸ் பதினெட்டில் வேலை பார்த்தவன் என்பதாலோ என்னவோ, அந்தக் கேப்டனின் நிலைமை எனக்கு உடம்பிலேயே தெரிகிறது. விரல்நுனி மரத்துப்போய்ப் பேனா பிடிக்க முடியாமல் நான் நின்ற நாட்கள் உண்டு. எனக்காவது பக்கத்திலேயே கதவு இருந்தது.

இதற்கு முன்பே அர்ஜென்டினாவிலிருந்து பிரான்சுக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டனுக்கும் உறைந்த கறி போயிருக்கிறது. ஆனால் தூரத்தையும் இலாபத்தையும் சேர்த்துப் பார்த்தால் டனிடின்தான் தொழிலுக்கு நம்பிக்கை கொடுத்தது. அதுவரை தென் அமெரிக்கக் கறி வெளியே போனதெல்லாம் உப்புக்கண்டமாகத்தான். பிரேசிலிலும் கியூபாவிலும் அடிமைகளாக வேலை வாங்கப்பட்டவர்களுக்கு அது உணவு. அப்புறம் உருகுவேயின் ஃப்ரே பென்டோஸில் 1865 வாக்கில் தொடங்கிய லீபிக் கம்பெனியின் கறிச்சாறு. ஒரு கிலோ சாறு எடுக்க முப்பது கிலோவுக்கு மேல் கறி வேண்டும். 1870களின் ஏற்றுமதியைச் சரக்கு எடையில் மட்டும் பார்ப்பவருக்கு உருகுவே உண்மையில் அறுத்து அனுப்பியதைவிட மிகக் குறைவாகக் கறி அனுப்பிய நாடு மாதிரி தெரியும்.

அந்தக் காலத்தில் உலகத்துக்கே வாங்கும் வாய் ஒன்றுதான், பிரிட்டன். 1900 வாக்கில் அதற்கு மாட்டிறைச்சி ஊட்டியதில் அமெரிக்காவுக்குப் பெரிய பங்கு. அதே 1900இல், கோமாரிக்குப் பயந்து, அர்ஜென்டினாவின் உயிர் மாடுகளை இறக்கப் பிரிட்டன் தடை போட்டது. மாடாக அனுப்ப முடியாதவர்கள் கறியாக அனுப்பினார்கள். கறியை உறையவைக்கும் ஆலைகள் பெருகின. அமெரிக்காவிலோ மக்கள்தொகை கூடிக்கொண்டே போய், இருக்கிற கறி அவர்களுக்கே சரியாக இருந்தது. 1907இல் சிகாகோவின் ஸ்விஃப்ட் கம்பெனி அர்ஜென்டினாவின் லா பிளாட்டா ஆலையை வாங்கியது, சரக்கு எங்கே இருக்கிறதோ அங்கே போய்விட்டார்கள். முதல் உலகப் போர் வரும்போது பிரிட்டனுக்கான அமெரிக்க மாட்டிறைச்சி ஏறக்குறைய வற்றிவிட்டது. வரைபடத்தில் ஒரு கோடு இறங்க, இன்னொரு கோடு ஏறுகிறது. ஏறிய கோட்டின் முதலாளிகளில் ஒரு பகுதியினர் இறங்கிய கோட்டின் ஊர்க்காரர்கள்.

அர்ஜென்டினா விஷயத்தில் என்னைத் தூங்கவிடாமல் யோசிக்க வைத்தது இதைவிடப் புதிய கதை ஒன்று. அங்கே மாடு ஐந்து கோடிக்கு மேல். பக்கத்து உருகுவேயில் ஒன்றேகால் கோடிகூட இருக்காது. 2005இல் அர்ஜென்டினா ஏழரை லட்சம் டன்னுக்கு மேல் மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்தது. உள்நாட்டில் விலை ஏறியது. அங்கே மாட்டுக்கறி என்பது நமக்கு அரிசி மாதிரி, விலை ஏறினால் ஆட்சிக்கு ஆபத்து. 2006 மார்ச்சில் அதிபர் கிர்ச்னர் ஏற்றுமதியை 180 நாளுக்கு நிறுத்தினார். பிறகு வரி, ஒதுக்கீடு, அனுமதிச் சீட்டு என்று கட்டுப்பாடுகள் தொடர்ந்தன. மாடு வளர்த்தால் இலாபமில்லை என்று பலர் சோயாவுக்குப் போனார்கள். 2008-09இல் கடும் வறட்சி வேறு. சில ஆண்டுகளில் மாட்டு மந்தையில் கிட்டத்தட்ட ஒரு கோடி குறைந்தது. 2012இல் ஏற்றுமதி இரண்டு லட்சம் டன்னுக்கும் கீழே. அந்த ஆண்டு குட்டி உருகுவே மூன்றரை லட்சம் டன் அளவில் அனுப்பியது. உருகுவேக்காரர்கள் 2006லேயே ஒவ்வொரு மாட்டின் காதிலும் அடையாள வில்லை கட்டாயம் என்று சட்டம் கொண்டுவந்து, எந்தக் கறித் துண்டு எந்த மாட்டிலிருந்து வந்தது என்று வாங்குபவருக்குச் சொல்லும் நிலைக்கு வந்திருந்தார்கள். விலையைக் குறைக்கப் போட்ட தடை மந்தையையே குறைத்ததில், கடைசியில் கறி விலை இன்னும் ஏறியதுதான் மிச்சம். மக்களுக்கு மலிவாகக் கறி கிடைக்கட்டும் என்ற நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கன்று பெரிதாக மூன்று ஆண்டு ஆகும் என்பதை அதிகாரிகள் மறந்ததைத்தான் குறை சொல்வேன்.

2015 டிசம்பரில் வந்த மக்ரி அரசு கட்டுப்பாடுகளை நீக்கியது. சீனாவும் பெருமளவில் வாங்கத் தொடங்கியது. 2019இல் ஏற்றுமதி திரும்பவும் ஏழரை லட்சம் டன்னைத் தாண்டியது. இப்போது இரண்டு பேர் கட்டுரை எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 2012இலிருந்து தொடங்குகிறார், ஏற்றுமதி நாலு மடங்கு ஆனது என்கிறார். இன்னொருவர் 2005இலிருந்து தொடங்குகிறார், பதினாலு ஆண்டில் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது என்கிறார். இரண்டும் சரியான கணக்கு. காலப்போக்கில் ஒப்பிடுகிறேன் என்று யார் சொன்னாலும் எந்த ஆண்டிலிருந்து தொடங்கினீர்கள் என்று நான் முதலில் கேட்பது இதைப் பார்த்த பிறகுதான்.

நம் கணக்கிலும் இது உண்டு. 2014-15இல் 14.75 லட்சம் டன், சுமார் 29,283 கோடி ரூபாய். 2023-24இல் சுமார் 12.96 லட்சம் டன், சுமார் 31,010 கோடி ரூபாய். ரூபாயில் கூடியிருக்கிறது. டன்னில் குறைந்திருக்கிறது. டாலரில் 478 கோடியிலிருந்து 374 கோடிக்கு இறங்கியிருக்கிறது. எருமைக்கறி ஏற்றுமதி வளர்ந்ததா, தேய்ந்ததா என்று கேட்டால் நான் இறங்கியது என்றுதான் சொல்வேன், ரூபாய் மதிப்பு சரிந்ததைக் கறி மேல் ஏற்றக் கூடாது.

இறங்கியதற்குப் பெரிய காரணம் வியட்நாம். 2014 வாக்கில் இந்திய எருமைக்கறியை அதிகம் வாங்கிய நாடு அதுதான். வியட்நாம் மக்கள் அவ்வளவையும் சாப்பிடவில்லை. ஹைபோங் துறைமுகத்தில் இறங்கியதில் பெரும்பகுதி வடக்கு எல்லை வழியாகச் சீனாவுக்குள் போனது. கோமாரி காரணமாகச் சீனா இந்தியக் கறியை நேரடியாக வாங்குவதில்லை, ஆனால் அங்கே வயிறு இருந்தது. பிறகு சீனா எல்லையை இறுக்கியதும் வியட்நாமின் பங்கு சுருங்கியது. இந்திய அட்டவணையில் வியட்நாம் என்று எழுதியிருந்த இடத்தில் உண்மையில் சாப்பிட்டது வேறொரு நாடு. மலேசியாவும் எகிப்தும் இந்தோனேசியாவும் அப்படியில்லை, வாங்கியதைத் தாங்களே சாப்பிடுகிறார்கள். இந்தோனேசியாவில் 2016இல் கதவு திறந்தது பெரிய ஆறுதல்.

கண்டங்களை ஒப்பிடும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பின் புள்ளிவிவரம் 1961இலிருந்து கிடைக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த சுரங்கம் அது. அதில் ஐரோப்பிய நாடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டினால் ஐரோப்பா மலை மாதிரி நிற்கும். நெதர்லாந்திலிருந்து ஜெர்மனிக்கு ஒரு லாரி பன்றிக்கறி போனாலும் அது ஏற்றுமதிதான். அமெரிக்கக் கணக்கில் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் ஒரே வீடு, அறைக்குள் அறை மாறுவதை எண்ண மாட்டார்கள். அந்த வீட்டின் சுவரும் நகர்ந்துகொண்டே இருக்கும். 2004இல் பத்து நாடுகள் உள்ளே வந்தன. போலந்திலிருந்து ஜெர்மனிக்குப் போனது அன்றுவரை வெளி வர்த்தகம், மறுநாள் முதல் வீட்டு விஷயம். பிரிட்டன் வெளியேறியபின் அயர்லாந்து மாட்டிறைச்சி லண்டனுக்குப் போவது வெளி ஏற்றுமதி ஆகிவிட்டது. கறியும் அதேதான், கப்பலும் அதேதான். உத்தரப் பிரதேசத்திலிருந்து கேரளத்துக்குக் கறி போனால் அதை யாரும் ஏற்றுமதி என்று எழுதுவதில்லையே.

நியூசிலாந்துக்கு வருகிறேன். 1982இல் அங்கே செம்மறி ஆடு சுமார் ஏழு கோடி, மனிதர் முப்பது லட்சத்துச் சொச்சம். 1973இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்ததும் அவர்களுக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் கைவிட்ட மாதிரி ஆனது. 1984க்குப் பிறகு மானியமும் போனது. இன்று ஆடு சுமார் இரண்டரைக் கோடிக்கும் கீழே. தலையை எண்ணினால் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போய்விட்டது. கறி அந்த அளவுக்குக் குறையவில்லை. 1990 வாக்கில் ஒரு குட்டியை உரித்தால் 14 கிலோ சொச்சம், இப்போது 19 கிலோ அளவில். நல்ல இனம், இரட்டைக் குட்டி, நல்ல மேய்ச்சல். அப்புறம் டனிடின் காலத்தில் முழு ஆடாகப் போனது இன்று வெட்டிய துண்டுகளாக, ஒரு பகுதி எலும்பில்லாமல் போகிறது. எங்கள் கிடங்குக்கு வந்த நியூசிலாந்துப் பெட்டிகளில் தொடை தனி, விலா தனி, தோள்பட்டை தனி என்று இருக்கும். 1882இன் ஒரு டன் சரக்கோடு இதை எடைக்கு எடை வைத்துப் பார்க்க முடியாது.

கடைசியாக, கறி அட்டவணையில் ஏறாமலே கடல் தாண்டும் இறைச்சி ஒன்று இருக்கிறது. உயிர் ஆடு. துறைமுகப் பக்கம் போனால் கண்ணில் படுமுன் மூக்குக்குத் தெரிந்துவிடும். பல அடுக்குத் தட்டுகளில் ஆயிரக்கணக்கான ஆடுகளோடு ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் கப்பல்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் சோமாலிலாந்தின் பெர்பெராவிலிருந்து சவுதிக்குப் போகும் ஆடுகள். 2000இல் ஆடுமாடுகளைத் தாக்கும் பிளவுப் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்று சவுதி கதவை மூடியது, 2009இல்தான் திறந்தது. ஆடு மேய்ப்பதைத் தவிர வேறு பிழைப்பு இல்லாத மக்களுக்கு அந்த ஒன்பது ஆண்டுகள் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இந்த ஆடுகள் எல்லாம் கறியாகத்தான் முடிந்தன. ஆனால் எந்த நாட்டின் இறைச்சி ஏற்றுமதிக் கணக்கிலும் இவை இல்லை, எண்ணிக்கையாக வேறொரு பட்டியலில் கிடக்கின்றன.

ஆஸ்திரேலியா 2000களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு அறுபது லட்சம் ஆடுகள் வரை இப்படி அனுப்பியது. 2017இல் அவாசி எக்ஸ்பிரஸ் கப்பலில் ஆடுகள் வெப்பத்தில் துடித்துச் செத்த காட்சிகள் மறு ஆண்டு வெளியானபோது நாடே கொதித்தது. நானும் பார்த்தேன், முழுதாகப் பார்க்க முடியவில்லை. 2024 ஜூலையில் அவர்கள் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றிவிட்டது. 2028 மே 1 முதல் கடல் வழியாக உயிர்ச் செம்மறி ஆடு ஏற்றுமதி கிடையாது. நியூசிலாந்து 2023 ஏப்ரலிலேயே கால்நடைகளைக் கடல் வழியாக அனுப்புவதை நிறுத்திவிட்டது.

அக்கா மகனுக்கு அனுப்ப ஒரு வரைபடத்தாள் எடுத்து, அபேடா எண்களை ஒரு நிறத்திலும் அமெரிக்கக் கணக்கை இன்னொரு நிறத்திலும் கோடு போட்டு, ஓரத்தில் கோமாரி, வியட்நாம் என்று குறித்து வைத்திருக்கிறேன். ஆஸ்திரேலிய ஆட்டுக்கறிக்குத் தனித் தாள். அதில் 2028க்கு நேரே பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டிருக்கிறேன். இத்தனை நாள் உயிரோடு ஏறிய ஆடுகளில் ஒரு பகுதி அதன் பிறகு அங்கேயே அறுபட்டுப் பெட்டியில் வரும். ஒரு குட்டிகூடக் கூடுதலாகப் பிறக்காமலே கறிக் கோடு ஏறலாம்.